ஒன்பதாம் நம்பர் பெரட்டு

மாலை நாலரை மணி. ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயத்தைத் தாண்டி ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறும் பாதை. இரு பக்கமும் டர்பன்டைன் மரங்கள். ஆளில்லை. ஆடு மாடு இல்லை. மேலேயிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது... அந்த நேரத்தில் அந்தப் பாதையில் யாரும் கால் வைப்பதில்லை. அன்று இரண்டு பெண்கள் ஏறினார்கள்.

“யாரு அந்த ரெண்டு பேரு? மோகினியா?” என்று பின்னாலிருந்து திலக்ஷன் கேட்டான்.

“வாய மூடிட்டு கேளுங்க,” என்றாள் வினோதா.

எங்கள் வேன் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வரும் வழியில் நின்றுவிட்டிருந்தது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பெக்கோ இயந்திரம் வந்து அள்ளினால்தான் நகரலாம். சாரதி சரிபுதீன் நாநா பெட்டரி தீர்ந்துவிடும் என்று விளக்கையும் அணைத்துவிட்டார். ஈரமண் வாசனை, டீசல் வாசனை, யாரோ உரித்த தோடம்பழத்தின் வாசனை. வெளியே எங்கோ தண்ணீர் கல்லின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. குளிருக்கு எல்லோரும் நடு ஆசனங்களில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம்; கதை சொல்லிக்கொண்டிருந்தது நான்.

நடந்தது கிஷாந்தின் அக்காவுக்கு. கிஷாந்தை உங்களுக்குத் தெரியும், எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறானே, அவன்தான். அக்கா பெயர் சுலக்ஷனா. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். சென்ற ஐப்பசியில் நடந்தது. அவள் வாயாலேயே கேட்டேன்.

அன்று மலையேறிய இருவரில் ஒருத்தி அவள். மற்றவள் ராக்காயி. எழுபது தாண்டியவள், மூச்சிரைப்புக்காரி. நகரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனால் வளைவுகளில் உயிர் போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பஸ் ஏற முடியாதவள் மலை ஏறினாள். நாலு எட்டு வைப்பாள், உட்காருவாள். மறுபடி எழுவாள். “கைய உடு புள்ள,” என்றாளாம் சுலக்ஷனாவிடம். “என் காலு இருக்கு.”

ஏன் ஏறினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு காலத்தில் ஒரு லயம் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் முன், ஓர் அடைமழை இரவில் மலை சரிந்து அந்த லயத்தை மூடியது. உள்ளே இருந்த ஏழு பேரையும் யாரும் தோண்டி எடுக்கவில்லை. அந்த மேட்டிலேயே டர்பன்டைன் கன்று நட்டார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே வெளிநாட்டவர் வந்து தங்க ஹோட்டல் கட்டப்போகிறது நிர்வாகம். அத்திவாரம் தோண்ட இயந்திரம் வர நாள் குறித்தாகிவிட்டது. தொழிலாளர்கள் கேட்டது ஒன்றுதான்: அந்த மேட்டைத் தோண்டாதீர்கள், எங்கள் சனம் அங்கே கிடக்கிறது. நிர்வாகம் சொன்ன பதில், அங்கே யாரும் இல்லை. அந்த லயத்துச் சனம் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டது.

கேட்பவர்களுக்கு நம்பக்கூடிய பதில். அரசாங்க ஒப்பந்தப்படி ஆட்களை அனுப்பிய அந்த ஆண்டுகளில் எத்தனையோ லயங்கள் அப்படித்தான் காலியாயின.

நகரத்தில் விசாரணை வைத்தார்கள். சரிவை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது ராக்காயி மட்டும். அவளால் வர முடியாது என்றதும், பேச்சைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள், பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி தொலைபேசியில் சொன்னார். அந்தப் பதிவு தெளிவாக விழுந்தால் மேடு தப்பும். விழாவிட்டால் இயந்திரம் வரும்.

சுலக்ஷனா ஃபோனில் பிடித்துப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டு டீவி, அடுப்பு ஊதும் சத்தம்... இவற்றுக்கு நடுவே கிழவியின் குரல் கரப்பான் ஊர்வது போல் கேட்டது. பஸாரில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் நிப்ராஸிடம் போனாள். அவன் ஒரு பழைய லெப்டொப்பை இரவலாகக் கொடுத்தான். ஒலியைப் பதியவும் திருத்தவும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, ஒரு சின்ன மைக்கையும் மாட்டிக் காட்டினான்.

“இது ஃப்ரீ தங்கச்சி. சல்லி ஒண்டும் தேவல்ல. ஃப்ரீண்டு லேசா நெனைக்க வாணாம். பெரிய எடத்துலயும் இதத்தான் பாவிக்கிற.”

சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதியும். பேசினால் நீல நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஓடும். பேசாவிட்டால் மெல்லிய கோடு. வேண்டாததைத் தேர்ந்து ஒரு விசையைத் தட்டினால் அது மறைந்து, இரு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“முக்கியமானது இதுதான்,” என்றான் நிப்ராஸ். “ஆளு பேசுறதுக்கு முந்தி அஞ்சு செக்கன் சும்மா உடுங்க. அந்த எடத்துச் சத்தம் மட்டும் உழட்டும். பொறகு அந்தத் துண்டக் காட்டி, இதுதான் குப்பைண்டு சொல்லுங்க. அது படிச்சிக்கிடும். முழுக்கத் தேடித்தேடி அந்தக் குப்பைய வீசும்.”

“நல்லதையும் சேத்து வீசிட்டா?”

“அதுக்கும் வழி ஈக்கி. எத வீசினண்டு தனியாக் கேக்க ஏலும்.” சிரித்தான். “குப்பைய யாரு கேக்கப் போறாங்க?”

கடையைவிட்டு வெளியே வந்தபோது எதிரே கணேசமூர்த்தி நின்றார். அதே தோட்டத்தில் பெரிய கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். துரைக்கு அடுத்தபடி மலையை மேய்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மஃப்ளர், கையில் குடை. அந்த லயத்துச் சனம் இந்தியாவுக்குப் போனதைக் கண்ணால் கண்டேன் என்று விசாரணையில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் அவர்தான். ஹோட்டலில் அவர் மகனுக்கு ஒரு நல்ல வேலை பேசியிருந்தார்கள்.

“என்னா டீச்சரு, சினிமா எடுக்கிறீங்களா?”

“ராக்காயி அப்பாயி பேசுறத எடுக்கப் போறேங்க.”

“அந்தக் கெழவிக்கு மண்டையில பனி புடிச்சிருச்சும்மா. செத்தவனுக்கு என்ன அவசரம்? ஹோட்டலு வந்தா உசுரோட இருக்கிற பத்துப் பேருக்கு வேல கெடைக்கும். ஒன் முன்பள்ளி கூட தோட்டத்துக் கட்டடத்துல தானே நடக்குது?”

“அத மெரட்டலா எடுத்துக்கவா, அக்கறையா எடுத்துக்கவாங்க?”

“எப்படி வேணும்னாலும் எடுத்துக்க.”

“ஒங்கப்பாவும் அந்த லயத்துலதானேங்க இருந்தாரு? அழகன் கணக்கப்பிள்ளை?”

கணேசமூர்த்தி குடையை விரித்தார். மழை இல்லை. “எங்கப்பா கப்பலேறிட்டாரு,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“அது நெசமாவே பொய்யா?” என்று வினோதா இடையில் கேட்டாள்.

ஊருக்கே தெரிந்த பொய். சரிவு நடந்தபோது அவருக்குப் பதினாலு வயது. அந்த மாதம்தான் தோட்டத்து வேலையில் பெயர் பதிந்திருந்தார்கள். அன்று கூட்டாளிகளோடு ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போய், மழையில் பஸ் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அதனால் பிழைத்தார். ஆனால் நேரில் கண்டவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள், ராக்காயி ஒருத்தியைத் தவிர. அவள் அந்த இரவு மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது லயம் இல்லை.

நகரத்துக்குத்தான் போக முடியாது என்றால், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசவும் ராக்காயிக்கு விருப்பமில்லை. “அங்க வச்சுத்தான் பேசுவேன்,” என்று பிடிவாதம் பிடித்தாள். “அவங்க முன்னால பேசுனா ஒரு சொல்லு கூடவும் வராது, கொறையவும் வராது.”

இப்படித்தான் அந்த மாலை நாலரை மணிக்கு மலையேறினார்கள்.

மேட்டுக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தட்டைநிலம். பழைய பெரட்டுக் களம். பெரட்டு என்றால் தெரியும்தானே... விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். “ஐயா” என்று குரல் கொடுக்கிறவருக்கு அன்று வேலை. குரல் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார். அன்றைக்கு அந்த ஆள் இல்லை என்று பொருள்.

சுலக்ஷனா ஒரு கல்லின்மேல் லெப்டொப்பை வைத்தாள். சிவப்பு வட்டத்தை அழுத்தினாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். ஐந்து செக்கன். மெல்லிய கோடு ஓடியது. காற்றுகூட நின்றிருந்தது என்று சொன்னாள்.

ராக்காயி பேசினாள். மழை எப்படிப் பெய்தது, மலை எப்படி இடிந்தது, லயத்தின் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள். பிறகு எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். கணக்கப்பிள்ளை வாசிக்கிற அதே இழுவையில் பெயர்களை வாசித்தாள்.

“மாரியாயி...”

நிறுத்தினாள். வெகுநேரம் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, சரி என்பது போல் தலையாட்டினாள்.

“சடையன்...”

மறுபடி நிறுத்தம். மறுபடி தலையாட்டல்.

வெள்ளச்சி, சின்னமுத்து, காளியம்மா, பெரியக்கா. கடைசியாக, “அழகன் கணக்கப்பிள்ளை...” அதற்குத்தான் நீண்ட நேரம் நின்றாள். தலையாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். “முடிஞ்சிருச்சு. நிப்பாட்டு.”

வயசான உடம்பு, மூச்சு வாங்குகிறாள் என்றுதான் சுலக்ஷனா நினைத்தாள்.

மறுநாள் பகல். பிள்ளைகள் போனபின் முன்பள்ளியில் உட்கார்ந்தாள். சுவரில் காகிதப் பூக்கள், பசை வாசனை, கழுவாத பால் கோப்பைகளின் புளிப்பு. அந்த ஐந்து செக்கன் துண்டைத் தேர்ந்து, இதுதான் குப்பை என்று மென்பொருளுக்குக் காட்டினாள். அது படித்துக்கொண்டது. முழுப் பதிவிலும் இரைச்சலை வழித்து எடுத்தது. கிழவியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் தெளிந்து வந்தது. சுலக்ஷனாவுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்ததாம்.

நீளம்தான் இடித்தது. இருபத்திரண்டு நிமிடம். பாதிக்கு மேல் அந்த நிறுத்தங்கள். பெயருக்கும் பெயருக்கும் நடுவே மெல்லிய கோடு, கோடு, கோடு... பேச்சில்லாத இடங்களைத் தானே தேடி நறுக்குகிற ஒரு கட்டளையும் அதில் உண்டு. அதைக் கொடுத்தாள். ஏழு பெயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்பதரை நிமிடம். சேமித்தாள். மூடினாள்.

அடுத்த நாள் திறந்தாள். இருபத்திரண்டு நிமிடம்.

“சேவ் பண்ண மறந்திருப்பாங்க,” என்றான் திலக்ஷன்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். மறுபடி நறுக்கினாள். சேமித்ததை இரண்டு முறை பார்த்தாள். மூடித் திறந்தாள். இருபத்திரண்டு. நிப்ராஸுக்கு அழைத்தாள். “வேற பேரு குடுத்து சேவ் பண்ணுங்க தங்கச்சி,” என்றான். வேறு பெயரில் சேமித்தாள். பழையது இருபத்திரண்டு. புதியதும் இருபத்திரண்டு.

அவளுக்குக் கோபம் வந்தது. பயம் இல்லை, கோபம். விசாரணைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கட்டளை எல்லாம் வேண்டாம் என்று கையாலேயே வெட்ட உட்கார்ந்தாள். மாரியாயிக்கும் சடையனுக்கும் நடுவிலிருந்த கோட்டைத் தேர்ந்தாள். விசையைத் தட்டினாள். கோடு மறைந்தது. இரண்டு பெயரும் வந்து ஒட்டின. கையை எடுத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

சடையன் என்ற நீல மேடு மெல்ல நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. நகர்ந்தது... அதன் பின்னாலிருந்தவையும் நகர்ந்தன. பெரட்டு வரிசையில் இடம் இல்லாமல் நிற்கும்போது, பிந்தி வந்தவர் தோளால் தள்ளித் தன் இடத்தைப் பிடிப்பாரே, அப்படி. பழைய அளவு இடைவெளி வந்ததும் நின்றது.

யாராயிருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். இவள் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“எனக்கு வேல இருக்கு. ஒங்களுக்காகத்தானே இத்தன பாடு? வெளையாடாதீங்க.”

சொன்ன வாய் மூடவில்லை. பசை வாசனையும் பால் புளிப்பும் போய், அறைக்குள் வேறு வாசனை வந்தது. நனைந்த கம்பளி. வெற்றிலை. ஈர விறகுப் புகை. அந்தக் காலத்தில் தலையில் கம்பளி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் மேல் அடிக்கும் வாசனை என்று அவள் அம்மா பின்னர் சொன்னாராம். அவள் அதை அதுவரை மோந்ததே இல்லை.

அப்போதுதான் நிப்ராஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. எதை வீசியது என்று தனியாகக் கேட்கலாம். குப்பையை யார் கேட்கப் போகிறார்கள்?

காதில் மாட்டிக்கொண்டாள். வழித்து எறிந்ததை மட்டும் ஓடவிட்டாள்.

காற்றுச் சத்தம் இல்லை. பூச்சிச் சத்தம் இல்லை. கொஞ்சப் பேர் குளிரில் நிற்கிற சத்தம். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஈரச் சரளையில் ஒரு கால் மாற்றி நின்றது. உள்ளங்கை இரண்டை யாரோ உரசிச் சூடேற்றினார்கள். கைக்குழந்தை ஒன்று சிணுங்க, தட்டிக்கொடுக்கும் சத்தம்... பிறகு எல்லாம் அடங்கியது. பெயர் வாசிக்கப்போகிறார் என்றால் வரிசை அடங்குமே, அந்த அடக்கம். அதைத்தான் அவள் அந்த மாலை ஐந்து செக்கன் பிடித்திருந்தாள். அதைத்தான் குப்பை என்று காட்டியிருந்தாள்.

வேனுக்கு வெளியே தண்ணீர் மட்டும் கல்லின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சரிபுதீன் நாநா தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல ஏற்றினார்.

சுலக்ஷனா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நேரே ராக்காயி வீட்டுக்குப் போனாள். கிழவி அடுப்படியில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாயி, அன்னைக்கு ஒவ்வொரு பேரு வாசிச்சிட்டும் ஏன் தலையாட்டுனீங்க?”

ராக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பாய் என்கிற பார்வை.

“பதிலு வந்தாத்தானே புள்ள அடுத்த பேர வாசிக்கலாம்?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“ஒன் பேரா வாசிச்சேன், ஒனக்குக் கேக்க?” கோப்பையைக் கீழே வைத்தாள். “நீ அத வெட்டிட்டியா?”

சுலக்ஷனா மடியிலிருந்த லெப்டொப்பை மூடினாள்.

“வெட்டுனியா? குரல் குடுத்தவன் பேர யாராச்சும் வெட்டுவாங்களா? தொரை வெட்டுனான், சரி. நாட்ட உட்டே ஓடிட்டாங்கன்னு வெட்டுனான். நீயுமா?”

அந்தக் கேள்விதான் தன்னைக் குத்தியது என்று என்னிடம் சொன்னாள். பேய் இல்லை, அந்தக் கேள்வி.

அவள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். வழித்து எடுத்த இரைச்சலையும் திரும்பப் போட்டாள். மலையில் எப்படி விழுந்ததோ அப்படியே. இருபத்திரண்டு நிமிடம்.

விசாரணை நாள். ஓடு வேய்ந்த பழைய மண்டபம். மேலே கிறீச்சென்று சுற்றும் ஒரு விசிறி. நுவரெலியாவிலிருந்து வந்த அதிகாரி பிரியந்தி, சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுவார். ஒரு பக்கம் தோட்டத்துச் சனம், மறு பக்கம் நிர்வாகத்தின் வக்கீல். அவருக்குப் பக்கத்தில் கணேசமூர்த்தி, தலையைச் சுற்றி மஃப்ளர், கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவர்தான் சாட்சி சொன்னார். எல்லோரும் கப்பலேறினார்கள். அந்த மேட்டில் யாரும் இல்லை. “உங்க அப்பா?” என்று அதிகாரி கேட்டார். “அவரும் இந்தியாவுலதான் காலமானாருங்க,” என்றார். குரல் பிசிறவில்லை.

பிறகு சுலக்ஷனா ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிட்டாள். ராக்காயியின் கதை வரை எல்லோரும் கேட்டார்கள். மாரியாயி என்ற பெயர் வந்தது. நிறுத்தம். விசிறி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். இரண்டாவது நிறுத்தத்திலேயே வக்கீல் எழுந்தார்.

“மேடம், வெறும் இடம்தானே. இதைத் தள்ளிவிட்டுப் போகலாம்.”

பிரியந்தி தலையசைத்தார். “தள்ளுங்க டீச்சர். நான் பத்து நிமிசம்தானே சொன்னேன்.”

சுலக்ஷனா விசைப்பலகையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

“முடியாதுங்க மேடம்.”

“ஏன்?”

“இத வெட்டுனா அவங்க பேர வெட்டுனதா ஆயிரும். ஒரு தடவ வெட்டியாச்சு. இன்னொரு தடவ என் கையால நடக்காது. என்னையப் பேசச் சொன்ன நேரத்தையும் இதுக்கே எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் பேசல.”

“அப்ப ஒன் வேலைக்கு...” என்று வக்கீல் தொடங்கினார்.

“அதுவும் போகட்டுங்க.”

தோட்டத்துச் சனம் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிரியந்தி பேனாவை வைத்தார். “ஓடட்டும்,” என்றார்.

ஓடியது. சடையன். வெள்ளச்சி. சின்னமுத்து... மண்டபம் முழுக்க அந்த நிறுத்தங்களைக் கேட்டது. காளியம்மா. பெரியக்கா. இருமல்கள் ஓய்ந்தன. மஃப்ளருக்குள் கணேசமூர்த்தியின் நெற்றியில் வியர்வை. அழகன் கணக்கப்பிள்ளை. நிறுத்தம். மெல்லிய கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்கு வந்தது. பதிவு முடிய வேண்டிய இடம். சுலக்ஷனா நிறுத்தக் கையை நீட்டினாள்.

நாற்காலி ஒன்று தடாலென்று சாய்ந்தது.

கணேசமூர்த்தி எழுந்து நின்றார். தலையிலிருந்த மஃப்ளரை உருவி அக்குளில் இடுக்கினார். கால்களை ஒட்டி வைத்தார். முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். மண்டபம் அதிர,

“ஐயா!” என்றார்.

பெரட்டில் குரல் கொடுப்பது போல.

விசிறி மட்டும் சுற்றியது. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அங்கிருந்த யாரும் எதையும் கேட்கவில்லை. நான் பிறகு நாலைந்து பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

“யார் உங்களைக் கூப்பிட்டது?” என்று பிரியந்தி கேட்டார்.

கணேசமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் விழித்தவர் போல. தான் எங்கே நிற்கிறோம், என்ன செய்துவிட்டோம் என்பது முகத்தில் ஒவ்வொன்றாக வந்தது. வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

“எங்கப்பா பேரு வாசிச்சாருங்க,” என்றார். “எல்லாரையும் வாசிச்சிட்டு... கடைசியா என் பேரு.”

“உங்க அப்பா எங்க இருக்கார்?”

வெகுநேரம் நின்றார். ராக்காயி நின்றது போல.

“ஒம்பதாம் நம்பர்லங்க,” என்றார்.

பிரியந்தி பேனாவை எடுத்தார்.

மேட்டைத் தோண்டவில்லை. இன்றுவரை அங்கே இயந்திரம் ஏறவில்லை. மகனுக்குப் பேசியிருந்த வேலை போயிற்று. சுலக்ஷனாவின் முன்பள்ளிக் கதவில் அடுத்த வாரமே தோட்டத்துப் பூட்டு தொங்கியது. அவள் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிப்பிக்கிறாள்.

“சரி... பதிவு?” என்று வினோதா கேட்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

விசாரணை முடிந்த அன்று மாலை சுலக்ஷனா அதைத் திறந்து பார்த்தாள். அதே பதிவு. மலையில் எடுத்தது. மண்டபத்தில் அவள் அதை ஓடவிட்டாளே தவிர, எதையும் பதியவில்லை. சிவப்பு வட்டத்தைத் தொடவே இல்லை.

இருபத்திரண்டு நிமிடம் இல்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

அழகன் கணக்கப்பிள்ளை என்ற பெயருக்குப் பின் அந்த நீண்ட கோடு. அது முடியும் இடத்தில் புதிதாக ஒரே ஒரு நீல மேடு. காதில் மாட்டிக் கேட்டாள். விசிறிச் சத்தம் இல்லை. நாற்காலி விழுந்த சத்தம் இல்லை. டர்பன்டைன் இலைகள் உரசுகின்றன. தூரத்தில் பீலியில் தண்ணீர் விழுகிறது. அதற்குமேல், தெளிவாக, “ஐயா!”

கணேசமூர்த்திதான். அதில் சந்தேகம் இல்லை என்றாள். ஆனால் மண்டபத்தில் கேட்ட அந்த வயசாளியின் குரல் இல்லை அது...

பதினாலு வயதின் குரல். இன்னும் உடையாத குரல்.